தாடிப் புனிதருக்கு ஒரு நேர்ச்சை

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் சாமியார்கள் நடத்திய அச்சாபீசில் கித்தேரியம்மாளுக்கு எழுத்துப் பிரிக்கிற வேலை. அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளைக் கழுவி மரத்தட்டில் அததன் அறையில் திரும்பப் போட வேண்டும். வட்டக்கானலிலிருந்து வெள்ளனே நடந்து வந்து, விரல் விறைக்கிற குளிரில், முதல் வேலையாகச் சுவரிலிருந்த படத்துக்கு ஒரு கும்பிடு போடுவாள். தாடியும் குல்லாயுமாக ஒரு வெள்ளைக்காரர், கையில் ஏதோ சின்ன உலோகத் துண்டு. யார் மாட்டிய படமோ, ஒருவருக்கும் தெரியாது. சாமியார்கள் கட்டடத்தில் தாடிக்காரர் தொங்கினால் புனிதராகத்தானே இருக்க வேண்டும்? தாள் மடிக்கும் பெருமாயி தன் பங்குக்குக் கண்ணாடிமேல் குங்குமமே வைத்துவிட்டாள்.

எழுபத்தாறில் கித்தேரியின் மகள் லீமாவுக்கு வலிப்பு வந்தது. நாலு வயதுப் பிள்ளை, நாக்கைக் கடித்துக்கொண்டு விழும். ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம், தாயத்து ஒரு பக்கம். கடைசியில் ஒருநாள் படத்தின் முன்னால் நின்று அழுதே விட்டாள். பிள்ளை பெரியமனுஷி ஆகும்வரை வலிப்பு அண்டாமல் காத்தால், உங்கள் கையில் இருப்பதுபோலவே வெள்ளியில் ஒன்று செய்து போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அந்த மழைக்காலத்தோடு வலிப்பு நின்றது. நம்பினால் நம்புங்கள்.

எண்பத்து நாலில் லீமா பெரியமனுஷியானாள். கித்தேரி வத்தலக்குண்டு ஆசாரியிடம் வெள்ளித் துண்டு செய்து வாங்கி, புதிதாக வந்திருந்த உபகாரம் சாமியாரிடம் மந்திரிக்கச் சொல்லி நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், வாயைப் பொத்திச் சிரித்தார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. அவர் புனிதரே இல்லையாம். எந்தக் காலத்திலோ ஐரோப்பாவில் வாழ்ந்த அச்சுக்காரராம். எஃகில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, குழியில் ஈயம் ஊற்றி எழுத்து வார்த்தவராம். கையிலிருப்பது அப்படி வார்த்த எழுத்தாம்.

கித்தேரிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆனது. அப்படியென்றால் பிள்ளையைக் காப்பாற்றியது யார்? வெள்ளியை யாருக்குப் போடுவது? நேர்ச்சையைச் செலுத்தாமல் விட்டு, திரும்ப வலிப்பு வந்துவிட்டால்? மாதாவுக்குப் போட்டுவிடு என்றார் சாமியார். கேட்டது ஒருவரிடம், கொடுப்பது இன்னொருவரிடமா? அடுக்குமா? பெருமாயியிடம் புலம்பினால், கேட்டது கிடைத்துவிட்டது, பிறகு என்ன ஆராய்ச்சி, சோலியைப் பார் என்று முடித்துவிட்டாள். அன்று முழுக்கக் கித்தேரி எழுத்துகளை அறை மாற்றி அறை போட்டாள்.

மறுநாள் திரும்பவும் சாமியாரிடம் போய் நின்றாள். அந்தத் தாடிக்காரருக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டாள். சாமியார் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இப்போது அவர் சிரிக்கவில்லை. கொள்ளைநோயில் இரண்டு பெண்பிள்ளைகளும் போய்விட்டார்களாம். அதற்கப்புறமும் மனுஷன் எழுத்து வார்த்துக்கொண்டே இருந்தாராம்.

பாவம் மனுஷன்! தன் பிள்ளைகளையே காப்பாற்ற முடியாதவரிடமா என் பிள்ளையைக் கேட்டு இத்தனை வருஷம் நச்சரித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே அவரவர் கல்லறையில் பூப்போட்டு நின்றபோது, கித்தேரி யாருமற்ற ஆத்துமாக்களுக்கென்று நட்டிருந்த சிலுவையடியில் மூன்று மெழுகுவத்தி ஏற்றினாள். வெள்ளி எழுத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்தாள். எந்த ஆத்துமாவுக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று கேட்டார் சாமியார்.

"அந்தத் தாடிக்காரருக்கும் அவரு புள்ளைகளுக்கும் சாமி. இத்தன வருசமா நான் அவருட்ட கேட்டேன். அவருக்காக யாராச்சும் கேட்டாங்களா?"

சாமியார் பூசைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை அச்சாபீசில் கும்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றது. இனி அவரிடம் கேட்பதா, அவருக்காகக் கேட்பதா? ஒன்றும் விளங்கவில்லை. பெருமாயி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, படத்தருகே போய் மெல்லச் சொன்னாள்.

"நீங்க லீமாவப் பாத்துக்கங்க. ஒங்க புள்ளைகள நான் பாத்துக்கிறேன்."