மாட்டுக்கு இரண்டு மாதம்

எனக்கு எழுபத்தொரு வயது. நான் வளர்த்தது ஐந்து பேரை. மூன்று என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் கொழுந்தனாருடையவை. மாடுகளை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எழுதி முடியாது. சத்தியமங்கலம் போகும் ரோட்டை ஒட்டி எங்கள் தோட்டம். கல்யாணமாகி வந்த மறுநாள் பால் கறக்க உட்கார்ந்தவள்தான். காய்ச்சலோ மழையோ, மாமியார் செத்த அன்றோ, ஒரு வேளை விட்டதில்லை.

விருந்தாளி யார் வந்தாலும் என் பெரிய மகன் சொல்வான்: “எங்கம்மாளுக்கு அலுப்புன்னா என்னன்னே தெரியாதுங்க.” எனக்கு அலுப்பு நன்றாகத் தெரியும். நாலு பேர் முன்னால் அப்படிப் புகழ்ந்துவிட்டால், பிறகு எப்படி வாயைத் திறப்பது? எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது.

போன வருஷம் வலது கைக் கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. சோறு பிசையும்போது விரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். கோயமுத்தூர் டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்ச நாளைக்குக் கறக்கறத விட்டுருங்கம்மா. இல்லீன்னா இந்தக் கை உங்க பேச்சக் கேக்காது” என்றார். மகன் பக்கத்தில்தான் நின்றான். திரும்பும் வழியெல்லாம் புண்ணாக்கு விலை பேசிக்கொண்டு வந்தான். சாயங்காலம் கறவைச் சொம்பைக் கழுவி என்னிடம்தான் நீட்டினான்.

அந்த வாரமே, சினையாக இருந்த செவலை மாட்டைக் கறப்பதை நிறுத்தினான். கன்று போட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. டீக்கடைக்காரர் வந்து, இன்னும் கொஞ்ச நாள் பால் ஊற்றச் சொல்லிக் கெஞ்சினார்.

“ஆகாதுங்க” என்றான் மகன். “இப்பக் கறந்தா அடுத்த ஈத்துக்கு மடி கட்டாது. உசுருள்ளதுங்க, சித்த உட்டுப் புடிக்கோணுமுங்க.”

நான் கட்டுத்தறியில் சாணம் வழித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன்.

“ஏஞ்சாமி, எனக்கும் ஒரு ரெண்டு மாசம் உடேன்.”

சிரித்துவிட்டான். “நீங்க என்ன மாடுங்களாம்மா?”

“மாடா இருந்தா நாங் கேக்கவே வேண்டியதில்லியே.”

டீக்கடைக்காரர் கேனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். “மத்த ரெண்டு மாட்டுக்கு ஆளுக்கு எங்கீங்க போவேன்? இந்தக் காலத்துல கறக்க எவன் வாரான்?” என்று மகன் தீவனத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் விடியற்காலை விழிப்பு வந்தது, நான் எழவில்லை. மடி கனத்து மாடுகள் கத்தின. பால் கட்டினால் எப்படி வலிக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா? போர்வையை வாயில் அழுத்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன். மருமகள் வந்து, “அத்தை, எந்திரிக்கலீங்களா?” என்றாள். “இல்ல கண்ணு” என்றேன். மகன் மாட்டிடம் உதை வாங்கிக்கொண்டு அரையும் குறையுமாகக் கறந்தான்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆள் ஸ்கூட்டரில் வந்தான். பதமான கை. மாடுகள் முரண்டு பண்ணவில்லை. வெந்நீர் காய்வதற்குள் கறந்துவிட்டுப் போய்விட்டான். கிடைக்கவே மாட்டான் என்ற ஆள், ஒரு போனில் வந்தான். இத்தனை வருஷமும் அந்த ஒரு போனை யாரும் போடவில்லை.

செவலை கிடாரிக் கன்று போட்டது. மடி நிறைந்து தளதளவென்று நிற்கிறது. என் விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. முன்னமே விட்டிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

போன வாரம் மகன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். “ரெண்டு மாசம் ஆயிப்போச்சுங்களேம்மா. செவலை அந்த ஆளு கைக்கு நிக்க மாட்டேங்குது. அது ஒண்ண மட்டும் நீங்க...”

ஒன்றை மட்டும். எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

வாயால் சொன்னால் சிரிப்பான். அதனால் எழுதுகிறேன். மூணாங்கிளாஸ் எழுத்து. ஒரு நாளைக்கு நாலு வரி; கை மரக்கும் முன்பே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன். கறக்கும்போதும் சொம்பை அப்படி வைக்க விட்டிருந்தால் இந்தக் கை எனக்கு இருந்திருக்கும். இனி நான் கறக்க மாட்டேன். செவலைக்காகவும் மாட்டேன்.

சரவணம்பட்டி காலேஜிலிருந்து பேத்தி வந்துவிட்டாள். இந்தா அம்மணி, மொதல்ல இருந்து படி. மனசுக்குள்ள படிக்காத, சத்தமாப் படி. உங்கப்பன் கட்டுத்தறியில நிக்கறான். அங்க வரைக்கும் கேக்கோணும்.