ட்ரோனுக்குக் கட்டிய மஞ்சள் நூல்

முனியாண்டி அண்ணனின் வலது கண்ணில் கட்டுப் போட்டிருந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காயத்துக்குக் காரணம் நான். அப்போது அது எனக்கும் மாரியம்மனுக்கும் மட்டும்தான் தெரியும்.

என் பெயர் கோமதி. பாயா ரும்புட் என்ற ஊரில் ஒரு கட்டுமானத் தளத்தில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பது என் வேலை. சென்ற ஆயுத பூசையன்று லாரிக்கும் கிரேனுக்கும் சிமெண்டு கலக்கும் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தோம். என் ட்ரோன் மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கு மஞ்சள் நூலில் வேப்பிலை வைத்துக் கட்டினேன். மறுநாள் அவிழ்க்க மனம் வரவில்லை. அம்மன் காப்பு அல்லவா!

ட்ரோன் பறக்கும்போது கீழே ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. விபத்து நடந்த அன்று இரண்டாம் மாடியில் முனியாண்டி அண்ணன் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிட வேலைதானே, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று பறக்கவிட்டேன். நூல் அவிழ்ந்து இறக்கையில் சுற்றியது. ட்ரோன் தலைகுப்புற விழுந்தது. உடைந்த இறக்கைத் துண்டு அண்ணனின் கண்ணில் தெறித்தது.

அவரைக் காரில் ஏற்றியதும் நான் செய்தது என்ன தெரியுமா? நூலை அறுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சேப்டி ஆபீசரிடம் காற்று அடித்தது என்று சொன்னேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கட்டைப் பிரித்தால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அலோர் காஜாவில் எங்கள் வீட்டுப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். முதல் நாள், என் வேலை போகக் கூடாது என்றுதான் வேண்டினேன். மனம் ஆறவில்லை. இரண்டாம் நாள் அழுதுவிட்டேன்.

"தாயே, அண்ணனுக்குக் கண்ணைக் குடுத்துடு. நான் உண்மைய சொல்லிடுறேன்."

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, ஒன் மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு? அடி எனக்குத்தான லா!"

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் எறங்கியிருப்பேனே தங்கச்சி" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றே ஆபீசரிடமும் போய்ச் சொன்னேன். மூன்று மாதம் ட்ரோனைத் தொட விடவில்லை. அது நியாயம்தான்.

அண்ணனுக்குக் கண்ணைக் கொடுத்தவள் அம்மன். எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் கொடுத்தவளும் அவள்தான். இப்போது நானே மாடி மாடியாக ஏறி எல்லாரையும் இறக்கிவிடுகிறேன். பிறகுதான் கும்பிட்டுவிட்டு ட்ரோனைப் பறக்கவிடுகிறேன். நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள், கைவிட மாட்டாள். ஆனால் நாம் செய்ய வேண்டிய வேலையை மட்டும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள்.