இரண்டாம் தரம் வைத்த தட்டு

அந்த யுத்த வருசங்களில் நான் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். நோயாளிகளின் சீழில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்ப்பது என் வேலை. ஒருகொடவத்தைச் சந்தியில் லொறி இடித்துக் கால் முறிந்த என் கணவரையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். ஒப்பரேசன் முடிந்து ஐந்தாம் நாள் காயம் சீழ் பிடித்தது. காய்ச்சல் இறங்கவில்லை.

அவருடைய சீழை நானே கிருமி வளர்க்கும் தட்டில் பூசி, மருந்து தோய்த்த சிறு கடதாசி வட்டங்களை மேலே வைத்தேன். மருந்து பிடித்தால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி செத்து வெற்றிடம் தெரியும். அடுத்த நாள் காலை பார்த்தால், அவருக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்தின் வட்டத்தை ஒட்டியே கிருமி வளர்ந்து நின்றது. மருந்தையே வெட்டிப்போடும் நொதியத்தைச் சுரக்கிற இனம். அந்த மருந்து அவருக்குப் பிடிக்காது என்று எனக்கு விளங்கிவிட்டது.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கைப்பிழையாக இருக்கும் என்று இன்னொரு தட்டு வைத்தேன். அன்று முழுக்க வார்ட்டுக்கும் ஆய்வுகூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

“இஞ்சேரப்பா, ஒரு இடத்திலை இரும். பார்க்க எனக்குத் தலை சுத்துது,” என்றார் அவர். உடம்பு கொதித்தது.

மறுநாள் இரண்டாம் தட்டிலும் அதேதான். இரண்டு தட்டையும் எங்கள் பொறுப்பு டொக்டரிடம் கொண்டுபோனேன். குரல் உயர்த்தாத முஸ்லிம் பெண். திகதிகளைப் பார்த்தார்.

“நேத்தே ஏன் சொல்லல்ல?”

“நம்பேலாமக் கிடந்தது, டொக்டர்.”

“வேற நோயாளின்டா சொல்லியிருப்பீங்கதானே?”

“ஓம்,” என்றேன்.

அவர் எழுதித் தந்த மருந்து ஆஸ்பத்திரியில் முடிந்திருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு ஃபார்மசியில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு பெண் சிப்பாய் என் பையிலிருந்த குப்பியைத் தூக்கி, உள்ளேயிருந்த வெள்ளைத் தூளைக் குலுக்கினாள்.

“மே மொக்கத?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

“பெஹெத்,” என்றேன். மருந்துதான் என்று டொக்டர் எழுதித் தந்த துண்டையும் காட்டினேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கச் சொன்னாள். பஸ் போய்விட்டது. நான் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஓர் அதிகாரி வந்து துண்டை வாசித்துவிட்டு, அட்டையைத் திருப்பித் தந்து, போகலாம் என்று கையைக் காட்டினார். மிச்சத் தூரம் ஓட்டமும் நடையும்தான்.

புது மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குள் இரண்டு தரம் காயத்தைத் திறந்து அழுகிய தசையை வெட்டியிருந்தார்கள். கால் தப்பியது; முழங்கால் மடியாமல் போனது.

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் முதல் தட்டைப் பற்றிச் சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு நாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“அண்டைக்கே சொல்லியிருந்தா இந்த முழங்கால் மடிஞ்சிருக்குமோ?”

“தெரியாது,” என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.