பெரிய கதவும் சின்னக் கத்தரிக்கோலும்

புதுத் துணிக்குக் கஞ்சி வாசம் உண்டு. மாத்தளை நகரில் வாப்பாவின் துணிக்கடையில், அடைமழை பிடித்து ஈரம் ஏறிய நாட்களில், அந்த வாசம் லேசாகப் புளித்து என் பள்ளிச் சீருடையிலும் புத்தகங்களிலும் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைச் சுளித்து, "கடை வந்துட்டுது" என்பாள். எட்டாம் தரத்தில் சில வாரங்களுக்கு மட்டும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த வாரங்களில் கடையில் வெட்டி மிஞ்சும் "கட்பீஸ்" துண்டுகளுக்கு எங்கள் வகுப்பில் பெரிய மதிப்பு இருந்தது.

காரணம் கௌரி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க நியமனம் பெற்று எங்கள் பள்ளிக்குக் கணிதம் கற்பிக்க வந்தவர். "வடிவாப் பாருங்கோ பிள்ளையள்" என்று அவர் சொல்லும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். அவருக்கு அது கவனமாகப் பாருங்கள் என்பது; எங்கள் ஊரில் வடிவு என்றால் அழகு மட்டும்தான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டிலிருந்து சாமான் கொண்டுவரச் சொன்ன முதல் ஆசிரியர் அவர்தான். சமச்சீர் படிக்க நான் பூப்போட்ட துணித்துண்டுகளைக் கொண்டுபோனேன். நடுவால் மடித்தால் ஒரு பாதிப் பூ மறு பாதியின்மேல் பிசகாமல் உட்கார்ந்தது. துணியின் கரையில் ஒன்றையொன்று கண்ணாடியில்போலப் பார்த்து நின்ற மயில்கள் தெறிப்பு. திரும்பாமல் வளையாமல் வரிசையாக நகர்ந்துபோன இலைகள் பெயர்ச்சி. ஐந்து இதழ்ப் பூவைச் சுற்றிக் காட்டினால் சுழற்சி. சப்பாத்துகளைக் கழற்றி வைத்து இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருப்பதைப் பேசினோம். என்னைச் சுற்றி எப்போதும் ஐந்தாறு பேர் நின்றார்கள். கணக்கு எனக்கு வரும் என்று அந்த வயதில் முதல்முறையாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் கோணப் பாடம் உடைத்தது. டீச்சர் வகுப்பறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். மேசையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலை, கதவு திறந்திருந்த அதே அளவுக்கு, பாகைமானி வைத்துப் பார்த்துத் திறந்து வைத்தார். எதன் கோணம் பெரியது என்று கேட்டார். நான் கையை உயர்த்தி, கதவு என்றேன்.

"ஏன் பிள்ளை? ரெண்டும் ஒரே அளவாத்தானே திறந்திருக்கு?"

"இல்ல டீச்சர். கதவுக்குள்ளால ஒரு ஆள் போகலாம். கத்தரிக்கோலுக்குள்ளால வெரல்தானே போகும்?"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அடுத்த நாள் சிரிக்கவில்லை. பலகையில் ஒரே கோணத்தை நீண்ட கோடுகளைக் கைகளாக வைத்து ஒருமுறையும் குட்டைக் கோடுகளை வைத்து ஒருமுறையும் வரைந்தார். நீளமானதுதான் பெரியது என்றேன். மணிக்கூட்டு முட்களைக் காட்டினார், விசிறியை விரித்தார். என் கண்ணுக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். மற்றப் பிள்ளைகள் இரண்டாம் நாளே "சமன் டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு விளங்கியதா, டீச்சரின் முகம் பார்த்துச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ அது பொய் சொல்வதுபோல இருந்தது. பெரியதாகத் தெரிகிற ஒன்றைச் சமன் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் உம்மாவிடம் கேட்டேன். உம்மா ஒரு பெரிய தேங்காய் ரொட்டியையும் ஒரு சின்ன ரொட்டியையும் நாலாக வெட்டி, இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பெரிய ரொட்டியின் துண்டைத் தொட்டு, "இதுதானே கூட, இத தின்டாதானே வயிறு நெறையும்" என்றேன். உம்மா கொஞ்சநேரம் இரண்டு துண்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது அப்படித்தான் தெரிந்தது என்பது முகத்தில் இருந்தது. பிறகு திடீரென்று கோபம் வந்துவிட்டது.

"ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? டீச்சர் சொல்றத அப்பிடியே எழுதிட்டு வா. நான் இந்தக் கணக்காலதான் எட்டோட நின்னவ. நீயும் நிக்கப் போறியா?"

உம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டது கணக்கால்தான் என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். அதை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

தவணைப் பரீட்சையில் நான் கணிதத்தில் தவறினேன். பள்ளி அதிபர் உம்மாவை வரச் சொன்னார். கறுப்பு அபாயாவில், கையில் மடித்த நீளக் குடையோடு, அலுவலக வாசலில் உம்மா நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தண்டனை பெற வந்தவர் அவர்தான் என்பதுபோல நின்றார். அதிபர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். "கணக்கு ஏறாத புள்ளைங்களுக்கு பி வகுப்பு இருக்குங்க. அங்க பாரம் கொறைவு. அடுத்த வருஷம் அதுல போட்டுருவோம்" என்று மெதுவாகச் சொன்னார். பி வகுப்பு எப்படிப்பட்டது என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கணிதப் பாடவேளையில் பிள்ளைகள் முற்றம் கூட்டுவார்கள். பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வரும்போது அந்த வகுப்பின் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் இருப்பார்கள்.

பக்கத்தில் நின்ற கௌரி டீச்சரைப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று. அவர் களைத்துப்போயிருந்தார். "என்னால ஏலுமான எல்லாம் செய்து பார்த்திட்டன் ஸேர்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இவ்வளவு சாமான் கொண்டுவரச் சொல்லி, என் கண்ணால் பார்க்கச் சொல்லிவிட்டு, பார்த்ததைச் சொன்னதற்கா இது? யாரையும் பார்க்கப் பிடிக்காமல் சட்டென்று திரும்பி, முற்றத்துத் தண்ணீர்த் தாங்கியை, அந்தப் பெரிய தொட்டியை, பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சால திரும்பு பிள்ளை" என்றார் டீச்சர். நான் திரும்பவில்லை. "திரும்பு எண்டெல்லே சொல்லுறன்" என்று குரலை உயர்த்தியவர், சொன்ன சொல்லையே தனக்குள் மறுபடி, "திரும்பு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அதிபரிடம் ஏதோ அனுமதி கேட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் முற்றத்துக்கு அழைத்துப்போனார்.

"உம்மா, நீங்கள் அந்தக் குடையை நேர நீட்டிப் பிடியுங்கோ. நீ உன்ர பென்சிலை நீட்டு. ரெண்டு பேரும் கேற்றைப் பார்த்து நில்லுங்கோ."

பள்ளி வாசல் கேற்றைப் பார்த்து நின்றோம். உம்மாவுக்கு வெட்கம். வகுப்பு யன்னல்களில் தலைகள் தெரிந்தன.

"இப்ப நிண்ட இடத்திலயே தண்ணித் தாங்கிப் பக்கம் திரும்புங்கோ."

திரும்பினோம்.

"ஆர் கூடுதலாத் திரும்பினது?"

என்ன பைத்தியக்காரக் கேள்வி என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் ஒண்டுதானே டீச்சர்."

"உம்மாட குடை நீளமெல்லோ?"

"நீளமா இருந்தா என்ன? கொடைட நுனி கூடத் தூரம் போச்சுது. திரும்பினது..."

அங்கே நின்றுவிட்டேன். என் வாயிலிருந்து வந்த சொல்லை என் காதே அப்போதுதான் கேட்டது. இவ்வளவு நாளும் கதவுக்கும் கத்தரிக்கோலுக்கும் இடையில் இருந்த வெற்று இடத்தை நான் அளந்துகொண்டிருந்தேன். அவர்கள் கேட்டது எவ்வளவு திரும்பியது என்பதை. அதை யாரும் இந்த வார்த்தையில் கேட்கவில்லை.

டீச்சர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் நான் பார்த்தது உம்மாவை. குடையை இன்னும் நீட்டியபடியே நின்றார். மறுபடி கேற்றைப் பார்த்துத் திரும்பினார். திரும்பவும் தாங்கிப் பக்கம். பிறகு குடையை இறக்கினார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் உம்மா" என்றார் டீச்சர்.

"இத எனக்கு ஒருத்தரும் இப்பிடிச் சொல்லலியே." கேற்றை இன்னொருமுறை பார்த்தார். "மண்டைல ஒண்டும் இல்லாதவண்டு சொல்லித்தானே என்ன வீட்டுக்கு அனுப்பின."

டீச்சர் கிட்ட வந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று வீடு வரும்வரை உம்மா எனக்கு விளங்கிவிட்டதே என்று சந்தோஷப்படவில்லை. வாப்பா கேட்டதற்கு, "புள்ளைக்கு ஒண்டும் இல்ல, நல்லா இரிக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் பி வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் அதிபரோடு வாதாடி என்னை வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வருடமே அவருக்கு ஊர்ப் பக்கம் இடமாற்றம் கிடைத்தது. பின்னால் வந்தவர் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். வீட்டுச் சாமான் எதுவும் அதன்பிறகு எங்கள் கணித வகுப்புக்குள் வரவில்லை.

இப்போது என் மகன் எட்டாம் தரம் படிக்கிறான். பின்னேரங்களில் டியூஷனுக்குப் போகிறான். பெரிய மண்டபம், ஒலிவாங்கியில் பேசும் ஸேர், கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி சுவரில் திரை. அங்கே கொடுக்கும் அச்சடித்த தாள்களை "டியூட்" என்கிறார்கள். போன வாரம் அவனுடைய டியூட்டைப் புரட்டினேன். நீண்ட கைகளோடு ஒரு கோணம், குட்டைக் கைகளோடு ஒரு கோணம். கீழே மகனின் அழகான எழுத்து: 'இரண்டும் சமன். கைகளின் நீளம் கோணத்தைப் பாதிக்காது.' சரி போட்டு முழுப் புள்ளி கொடுத்திருந்தார்கள்.

"ஏன் பாதிக்காது?" என்று கேட்டேன்.

"ஸேர் அப்பிடித்தான் எழுதச் சொன்ன."

"எனக்கு இது பெருசாத் தெரியுதே மகன். ஒனக்குத் தெரியலியா?"

படத்தைப் பார்த்தான். ஒரு கணம் அவன் புருவம் சுருங்கியது. நீண்ட கைகள் உள்ள கோணத்தின்மேல் விரல் போய் நின்றது. கேட்கப் போகிறான், என்னைப் போலச் சண்டைக்கு வரப் போகிறான் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

"இதுக்கு ரெண்டு மார்க்ஸ்தான் உம்மா," என்று சொல்லி, பக்கத்தைப் புரட்டினான்.