குசினி யன்னலில் தெரிந்த அகழி

பாபகூராவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு நீளமான பள்ளம் கிடந்தது. குசினியில் சமைக்க நின்று யன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய வடிகால்தான், அதில் கத்தரித் தோட்டம் போடப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மூடத் தொடங்கினேன்.

வாரம் முழுக்க பென்ரோஸ் கிடங்கில் பெட்டி தூக்குகிற உடம்பு. சனிக்கிழமைகளில் டிரெய்லரில் மஞ்சள் மண் ஏற்றி வந்து, தள்ளுவண்டியால் கொட்டினேன். முக்கால்வாசி நிரம்பியபோது அக்கம்பக்கத்தில் யாரோ முறையிட்டுவிட்டார்கள். தொல்லியல் அதிகாரி ஒருவரும், அந்த நிலத்துக்குரிய மாவோரிக் குடியைச் சேர்ந்த பெண் ஒருவரும் வந்தார்கள்.

அது வடிகால் இல்லையாம். ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, எங்கள் வளவு இருக்கிற குன்றின் மேலிருந்த கோட்டையைச் சுற்றி அந்தப் பெண்ணின் முன்னோர் மரக்கோல்களால் தோண்டிய அகழி. சட்டம் பாதுகாக்கும் இடம். வீடு வாங்கிய தாள்களிலும் இது எழுதியிருந்தது. கையெழுத்து வைக்கிற இடத்தைத் தவிர நான் எதை வாசித்தேன்?

அந்தப் பெண் கோபப்படவில்லை. "சண்டைக்கு ஆட்கள் வந்தால் பிள்ளைகளைக் காப்பாற்ற வெட்டியது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவர்கள் போனதும் மனைவி கேட்டாள்.

"ஊரில பங்கர் வெட்டின மனிசன் நீங்கள். பாத்தவுடன விளங்கேல்லையே?"

விளங்கியது. முதல் நாளே விளங்கியது. வெட்டிய மண்ணை ஒரு பக்கமாகக் குவித்திருந்த விதமே போதும். ஷெல் விழுந்த காலத்தில் எத்தனை நாள் அப்படியொரு குழிக்குள் குந்தியிருந்தேன். இவ்வளவு தூரம் வந்தும் அது குசினி யன்னலில் வந்து நிற்கிறதே என்று அலுத்துப்போய்த்தான் மூடினேன். தள்ளுவண்டியை எடுத்து வைக்கப் போனேன்.

கொட்டிய மண்ணை எடுக்க மெஷின் கூடாது, கையாலேயே அள்ள வேண்டும், அகழியின் பழைய தரையான கறுப்பு மண் தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அதிகாரி. மறுபடியும் சனிக்கிழமைகள். கொட்டும்போது நொந்ததைவிட அள்ளும்போது இடுப்பு அதிகம் நொந்தது.

கடைசிச் சனிக்கிழமை கறுப்பு மண் தெரிந்தது. கால் ஓய்ந்துபோய் அப்படியே உள்ளே குந்தினேன். முதுகு தானாகச் சுவரில் சாய்ந்தது. தலையும் தானாக விளிம்புக்குக் கீழே தாழ்ந்தது.

மனைவி யன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"இந்த யன்னலுக்கு ஒரு திரைச்சீலை போடுவமே?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேண்டாம், கிடக்கட்டும்" என்றேன். "ஒருக்கா வந்து கை தாரும். எழும்ப ஏலாமல் கிடக்கு."