வைப்பரில் செருகிய பூ

போன வருடம் கத்திரி வெயில் கொளுத்திய நாட்களில், மாடம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு வாசலிலேயே நடந்தது இது. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் நாவலூர் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். காரை ஓட்டுவது நான்தான். பள்ளிக்கூட டீச்சர் நான். கோடை விடுமுறை என்பதால் லீவு கேட்டுக் கெஞ்சும் தொல்லை மட்டும் அப்போது இல்லை. ஆரம்பத்தில் தினமும் போன் செய்த சொந்தக்காரர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயிருந்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் கார் பழசு. போகும்போது ஏசி, வரும்போது ஹீட்டர். டயாலிசிஸ் முடிந்ததும் அவருக்கு உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிரும். வெளியே அனல் அடிக்கும், உள்ளே ஹீட்டர் ஓடும். "மெட்ராஸ்லயே ஹீட்டர் போடற ஒரே கார் நம்மளுதுதான்" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார், அல்லது சிரிக்கப் பார்ப்பார். இரண்டுக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே ஃபேன் என்பது, அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் டேஷ்போர்டுக்குள் சரசரவென்று ஒரு சத்தம். பிறகு காற்று குறைந்தது. ஒருநாள் மேடவாக்கம் சிக்னலில் மொத்தமாக நின்றேவிட்டது. சேலையூரில் ஒருவர் ஃப்யூஸ் மாற்றினார். தெரு திரும்புவதற்குள் புது ஃப்யூஸும் போயிற்று. இன்னொருவர் ஏசி கேஸ் தீர்ந்திருக்கும் என்றார். ஃபேனே சுற்றவில்லையே அண்ணா என்றால், கேஸ் போட்டால் எல்லாம் சுற்றும் என்றார். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம். வாடகைக் கார் பிடித்தேன். கத்திரி வெயிலில் ஹீட்டர் போடச் சொன்னதும் டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முடியாது என்றார்.

வேறு வழியில்லாமல் எங்கள் காரிலேயே ஜன்னலைத் திறந்துவிட்டு அழைத்துப் போனேன். திரும்பும்போது சோழிங்கநல்லூர் தாண்டுவதற்குள் வாந்தி, மயக்கம். வீட்டுக்கு வந்து படுத்தவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நாளன்னிக்கு நான் வரலை. ஒரு தடவை போகலைன்னா ஒண்ணும் ஆயிடாது."

ஆகும். அது இருவருக்கும் தெரியும். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். ஆனாலும் அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எனக்கே போதும் போதும் என்றாகியிருந்தது.

போகவேண்டிய நாள் காலையில், கடைசி முயற்சியாகத் தாம்பரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மல்லாக்கப் படுத்து, டேஷ்போர்டின் அடியிலிருந்து ஃபேன் மோட்டாரைக் கழற்றி இறக்கினார். முகத்தின் மேல் ஏதோ கொட்ட, துப்பிக்கொண்டே எழுந்தார்.

"இன்னாக்கா இது! உள்ள பூக்கடையே வெச்சிகினு கீறீங்கோ?"

ஃபேன் இறக்கைகளுக்கிடையே காய்ந்த மல்லி, கதம்பம், சிக்குச் சிக்காக நார். வைப்பரில் வைக்கிற பூ காய்ந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக நேரே ஃபேனுக்குள் விழுமாம். "மோட்டாரு நல்லா கீது. இனிமே பூ மட்டும் வெக்காதீங்கோ" என்றார்.

டயாலிசிஸ் நாட்களில் வைப்பர் ஓரமாக ஒரு துண்டுப் பூ இருக்கும். தெருமுனை வரை நடந்துவிட்டு வரும் கணவர்தான் வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். சாமி என்றாலே சலித்துக்கொள்கிறவர் மாறிவிட்டாரே என்று உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு. பால்கனியில் நின்றிருந்தவரிடம், இனிமேல் பூ வைக்க வேண்டாமாம் என்று சத்தமாகச் சொன்னேன்.

"நான் எங்க வெச்சேன்? நீதானே வெக்கறே?"

அவரும் அப்படி நினைத்துத்தான் கேட்காமல் இருந்திருக்கிறார். மாத்திரை, தண்ணீர் அளவு தவிர வேறு பேச்சே எங்களுக்குள் இல்லாமல் போயிருந்தது.

எங்கள் வாட்ச்மேன் தெருமுனையைக் கைகாட்டினார். "அந்த மீன்காரம்மாதான் மேடம் வெப்பாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கோவளம் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து மீன் விற்கும் அக்கா அவர். ஒரு காலத்தில் அவரிடம்தான் வாடிக்கை. பத்தியம் வந்தபின் வாங்குவதை நிறுத்திவிட்டதால், சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டே போவேன். அன்று கையில் காய்ந்த பூவோடு, இனிமேல் வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். எரிச்சலோடுதான் போனேன்.

நான் வாய் திறக்குமுன் அவர் கேட்டார்: "சாரு எப்டி கீறாரு டீச்சரம்மா? அன்னிக்கு வண்டில வரசொல்ல ரொம்ப வாடிப்போய் கீறாரே."

பூவைக் காட்டினேன். செதில் சீவிக்கொண்டே சொன்னார்: "எங்க ஊர்ல மீன்புடி போட்டு கடலுக்குப் போவசொல்ல பூ வெச்சுதான் அனுப்புவோம். போனது பத்திரமா திரும்பி வரணுமில்ல? சாரும் அப்டித்தானே போய்ப் போய் வராரு. சும்மா எப்டி அனுப்பறது? என் தலைல வெக்கறதுக்கு மின்னயே ஒரு துண்டு கிள்ளி வெச்சுருவேன். மீன் கையோட வெக்க மாட்டேம்மா, கழுவிட்டுதான் வெப்பேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். மெக்கானிக்கிடம், பூ இனியும் வைப்பார்கள், அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எங்கள் வீட்டுக் கொசுவலையில் ஒரு துண்டை வெட்டி அந்தச் சல்லடை மேல் ஒட்டிக் கொடுத்தார். ஃபேன் சுற்றியது. மேலே போய்க் கணவரிடம் அந்த அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

இன்றும் வாரம் மூன்று நாள் போய் வருகிறோம். அலுப்பு தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் எங்களுக்கென்று யாருமில்லை என்று நான் புலம்பிக்கொண்டே ஓட்டிய வண்டிக்குள், ஃபேனே நின்றுபோகும் அளவுக்கு ஒருவரின் வேண்டுதல் சேர்ந்திருந்ததை நினைத்தால், என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.