மூன்றாவது சீட்டு

சனிக்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது டயம் கீப்பர் போன் செய்தார். “அண்ணே, நம்ம கண்டக்டர் கலியபெருமாள் தவறிட்டாருண்ணே. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சாம்.” எனக்கு அழுகை வரவில்லை. “படுபாவி” என்றுதான் வாயில் வந்தது. பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்து அவனைத் திட்டித் தீர்த்தேன். இன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகவே ‘அன்னாரின் ஆன்மா’ என்றெல்லாம் இந்த அஞ்சலியை ஆரம்பிக்க என்னால் முடியாது. டெப்போ நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் நான் டிரைவர், அவன் கண்டக்டர். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், திரும்ப அதே வழி. டிரிப்புக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் ரெஸ்ட் ரூமில் ரம்மி. காசு வைத்து ஆடுவதில்லை. அன்றைக்கு அதிகப் பாயிண்ட் ஏறித் தோற்றவன் எல்லாருடைய டிபன் பாக்ஸையும் கழுவ வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். கலியபெருமாள் கழுவி நான் பார்த்தது நாலைந்து தடவைதான் இருக்கும்.

அவன் அதிர்ஷ்டக்காரன் என்று சிலர் சொல்வீர்கள். மண்ணாங்கட்டி. பதின்மூன்று சீட்டையும் பிரித்ததும் குப்பை என்று தெரிந்தால், ஒரு சீட்டுகூட எடுக்காமல் ஸ்கூட் சொல்லி இறங்கிவிடுவான். இருபது பாயிண்டோடு போயிற்று. நல்ல கை வந்தால் யாருக்கும் ஆடத் தெரியும். இரண்டும் இல்லாமல் ஒரு கை வருமே, ஆடுதனில் ஏழும் எட்டும், கிளாவரில் பத்தும் ஜாக்கியும், கூடவே ஒரு ஜோக்கர், ஆனால் ஒரு ஒரிஜினல் ரம்மிகூடச் சேராமல்! அந்தக் கையில்தான் அவன் யாரென்று தெரியும். பாயிண்ட் ஏற்கெனவே ஏறியிருந்தால் அதைத் தொடவே மாட்டான். சுற்றில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தால், மற்றவர்கள் எதைக் கழிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடுவான். தொட்டாலும் ஒரு வரம்பு உண்டு. “ரெண்டு சீட்டு பாப்பேன்யா. ரெண்டுல ஒண்ணும் ஒட்டலன்னா நாப்பது பாயிண்டக் குடுத்துட்டு இறங்கிடுவேன். மூணாவதுக்குக் கை நீட்டுறவன் டிபன் பாக்ஸ் கழுவத்தான் லாயக்கு.”

அப்படிக் கை நீட்டுகிறவன் நான். ஒருமுறை ஆடுதன் ஒன்பதுக்காக ஆறு சுற்று காத்துக் கிடந்தேன். அது அவன் கையில் இருந்தது. ஆட்டத்தை முடித்துச் சீட்டை விரித்தவன், அந்த ஒன்பதை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினான். “இத நம்பித்தான உக்காந்திருந்த டிரைவரே? நான் குடுப்பனா?” எனக்கு எண்பது பாயிண்ட். ஏழு டிபன் பாக்ஸ் கழுவினேன். பக்கத்தில் நின்று சோப்பு எடுத்துக் கொடுத்தான்.

இத்தனை தெரிந்தவன் என்ன செய்தான் தெரியுமா? அந்த வாரம் திங்கட்கிழமை ஜெயங்கொண்டத்தில் இறங்கி, இடது தோள் இழுக்கிறது என்று சொல்லிச் சோடா குடித்தான். புதன்கிழமை அரியலூர் தாண்டியதும் டிக்கெட் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சட்டை நனைந்திருந்தது. “ரெண்டு சீட்டு பாத்தாச்சு கலியா, இறங்கிடு. ஆஸ்பத்திரிக்குப் போ” என்றேன்.

“இது வெறும் கேஸ் டிரபுள்யா. இப்ப லீவ் போட்டுட்டா அடுத்த மாசம் மக பிரசவத்துக்கு யாரு நிக்கிறது?”

வெள்ளிக்கிழமை ரெஸ்ட் ரூமில் மூன்றாவது தடவையாக வலி வந்து மார்பைப் பிடித்தான். “பாப்போம்” என்றான். கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டிய நான், சீட்டைக் கலைத்துப் போட்டேன். ஆடினோம். அன்று தோற்றதும் நான்தான். அவனுடைய டப்பாவை நான் கழுவி முடிப்பதற்குள், “நாளைக்கு வாங்கிக்கிறேன்” என்று கிளம்பிவிட்டான்.

குரும்பலூரில் அவன் வீட்டு வாசலில் ஆளாளுக்குப் பேசினார்கள். “படுக்காம கிடக்காம போனான், குடுத்து வச்சவன்” என்றார் ஒருவர். அவரை அறையாமல் வந்தது பெரிய விஷயம். நிறைமாத மகளைச் சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று மாமியார் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்காக லீவைச் சேர்த்துவைத்தானோ அவள் அப்பன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதில் என்ன குடுத்து வைத்தது?

அவன் மனைவி தனம் என்னைப் பார்த்ததும், “உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராண்ணே?” என்று கேட்டது.

“இல்லம்மா” என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் அதைவிடக் கேவலமாக யாரும் பேசியிருக்க முடியாது.

காரியம் முடிந்த மறுநாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். “பொய் சொல்லிட்டேம்மா. சொன்னாரு. மூணு தடவ” என்றேன்.

தனம், “அப்ப நீங்க என்னண்ணே பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்று கேட்டது.

“சீட்டு போட்டுக்கிட்டிருந்தேன்.”

நான் நீட்டிய டப்பாவை வாங்கவில்லை. “அத நீங்களே வச்சுக்குங்க” என்று உள்ளே போய்விட்டது.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மூடியில் அவன் பெயரை ஆணியால் கீறி வைத்திருக்கிறான். யாரும் அதில் சாப்பிடுவதில்லை. ஆனாலும் தினமும் கழுவிக் கவிழ்க்கிறேன்.